வண்டியை நிறுத்தாதே

உளுந்தூர்ப்பேட்டை டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். நள்ளிரவு 12 மணி இருக்கும். தம்பி பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். வண்டிய நிறுத்தாத. ஓட்டிக்கிட்டே கேளு."

2016, ஆடி மாதம். சுடலைமாடன் கோவில் கொடைக்காகச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவனுக்கு அப்போது 26 வயது, எனக்கு 33. வேலை போய்விட்டது என்று சொல்லப்போகிறான், அல்லது வேறு சாதியில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். அவன் சொன்னது மூன்றாவது. தனக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு வந்ததே இல்லை என்றான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தெரியும் என்றான். ஊரில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள், இனி யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது என்றான். வேப்பூர் வரும்வரை பேசினான். கடைசியாக, "அவ்வளவுதாண்ணே" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேட்டபடி வண்டியை நிறுத்தவும் இல்லை. திருமாந்துறை டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கிப் பணத்தைக் கொடுத்துச் சில்லறைக்காகக் காத்திருந்தபோது, மேலே இருந்த வெள்ளை விளக்கு காருக்குள் முழுசாக விழுந்தது. அவன் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தக் கழுத்துத் திருப்பம் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருட்டில் அவ்வளவு பேசியவன் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டக் கூசினான். ரசீதை வாங்கி டேஷ்போர்டில் செருகிவிட்டு வண்டியை எடுத்தேன். பாடாலூரில்தான் வாயைத் திறந்தேன். "டீ குடிப்பமா?"

அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை, அடிக்கவில்லை, இறங்கிப் போ என்று சொல்லவில்லை. ஒரு அண்ணன் இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட பேச்செல்லாம் ஏன் வண்டியில், அதுவும் ராத்திரியில் நடக்கிறது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கூடத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுப்போம். கதவு சாத்திய அறை என்று ஒன்று கிடையாது. ஒருவன் தனியாக மாடிக்குப் போனாலே 'என்னல, அங்க என்ன பண்ணுத?' என்று கீழிருந்து குரல் வரும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்கிற பையனுக்கு ஓடுகிற வண்டிதான் முதல் தனியறை. அங்கே எதிரெதிரே உட்கார வேண்டியதில்லை, இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கலாம். கேட்பவனின் கண் சாலையில் இருப்பதால் சொல்பவனுக்கு அந்தக் கண்ணைப் படிக்க வேண்டிய கஷ்டம் இல்லை. பாதிப் பேச்சில் யாரும் எழுந்து போக முடியாது. விடிந்தால் ஊர் வந்துவிடும் என்பதால் பேச்சுக்கு ஒரு முடிவும் உண்டு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து முதுகைப் பார்த்துச் சொல்லப்பட்ட காதல்களும் அழுகைகளும் நம் ஊரில் எத்தனை இருக்கும்!

தம்பிதான் சில வருஷம் கழித்து எனக்கு ஒரு ஸ்வீடன் குறும்படத்தைப் பார்க்கச் சொன்னான். ஜெர்ரி கார்ல்சன் இயக்கிய 'நாட்டோகெட்', 2020-இல் வந்தது. பெயருக்கு இரவு ரயில் என்று பொருள். கால் மணி நேரப் படம். ஸ்டாக்ஹோமில் வேலைக்கான நேர்காணலை முடித்துவிட்டு ஊர் திரும்பும் ஆஸ்கர் என்ற இளைஞன், அதே பெட்டியில் இருக்கும் அகமது என்பவனைப் பார்க்கிறான். அவனும் பார்க்கிறான். தன்னைப் போன்ற இன்னொருவனின் பார்வையை ஆஸ்கர் சந்திப்பது அதுதான் முதல் முறை. படம் முக்கால்வாசி அந்தப் பார்வைதான். கண்ணை எடுப்பதும், ஜன்னலுக்குப் போவதும், திரும்பவும் அங்கேயே வந்து நிற்பதும். அதைப் பார்த்தபோது, நெல்லை எக்ஸ்பிரஸில் எத்தனை ராத்திரி என் தம்பி இப்படிக் கண்ணை எடுத்து ஜன்னலில் வைத்திருப்பான் என்று தோன்றியது. படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நம் நாட்டிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஃபராஸ் ஆரிஃப் அன்சாரி 2017-இல் எடுத்த 'சிசக்'. மும்பை லோக்கல் ரயில், இரவு நேரம், காலியாகிக்கொண்டிருக்கும் பெட்டி, இரண்டு ஆண்கள். படம் முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அது வந்த வருஷத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 1860-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தளர்த்தியது, உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் அதைத் திரும்பவும் உயிர்ப்பித்தது. ஆக 2017-இல் அந்த இருவரின் ஆசை சட்டப்படி குற்றத்தின் வாசலில் நிற்கிறது. வாய் திறக்காமல் இருப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. என் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கும் அதே காரணம் இருந்தது. அதையும் மீறி அவன் வாய் திறந்தான். காரணமே இல்லாத நான் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த மாதிரிப் படங்களை ஆங்கிலத்தில் ஒரு வகையாகச் சேர்த்து, வயதுக்கு வருகிற கதைகள் என்கிறார்கள். தமிழில் அந்தச் சொல்லை ஆண் பிள்ளைக்குச் சொல்வதில்லை. வயதுக்கு வருவது பெண். ஆண் ஆளாகிறான், தலையெடுக்கிறான். எங்கள் பக்கம் ஒருவன் ஆளாகிவிட்டானா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள்? வேலை கிடைத்தால் பாதி ஆள். கல்யாணம் ஆனால் முழு ஆள். அதுவரைக்கும் எத்தனை வயதானாலும் 'பய'தான். 40 வயதில் சொந்தமாக வீடு கட்டி, தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணிவைத்தவனைக்கூட 'இன்னும் ஒரு கால்கட்டு போடலயே' என்பார்கள். அப்படியென்றால் என் தம்பி எப்போது ஆளாவான்? நம் ஊர்க் கணக்கில் அவனுக்கு அந்தக் கதவே இல்லை. சொந்தக் குடும்பத்திலேயே கடைசிவரை சின்னப் பையனாக, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவனாக, எல்லாருடைய பிள்ளைகளுக்கும் நல்ல சித்தப்பாவாக இருந்துவிட்டுப் போக வேண்டியதுதான். அவன் ஆளான நேரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் உளுந்தூர்ப்பேட்டைக்கும் வேப்பூருக்கும் நடுவில் கழிந்த அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன். அதற்குப் பந்தல் இல்லை, மேளம் இல்லை. சாட்சிக்கு இருந்த ஒரே ஆளும் பேசாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

விடிந்து வீடு போய்ச் சேர்ந்தோம். குறும்படங்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வருவதில்லை. ரயில் நிலையத்திலோ சாலையிலோ விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அது அந்த வடிவத்தின் அழகு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு மறுநாள் இருந்தது. மதியம் பந்தியில் அத்தை வந்து எதிரே நின்றாள். "கோவில்பட்டியில ஒரு பொண்ணு இருக்காம். டீச்சர் வேல. பெரியவனே, நீதான் இவன்ட்ட சொல்லணும்." தம்பி என்னைப் பார்த்தான். நான் இலையில் இருந்த அவியலைப் பார்த்தேன். அந்த அவியலில் கிடந்த முருங்கைக்காய்த் துண்டைக்கூட என்னால் இப்போது சொல்ல முடியும், அவ்வளவு கவனமாகப் பார்த்தேன். ராத்திரி மௌனத்துக்காவது அதிர்ச்சி என்று ஒரு சாக்கு இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

அன்றைக்கு நள்ளிரவில் சாமி வேட்டைக்குப் போனது. தீப்பந்தத்தோடு சாமியாடி சுடுகாட்டுக்கு ஓடுவார். யாரும் பின்னால் போகக் கூடாது, பார்க்கக் கூடாது. திரும்பி வந்ததும் எங்கே போனாய், என்ன கண்டாய் என்று யாரும் கேட்பதில்லை. விபூதி பூசிக்கொண்டு வழிவிடுவோம். சின்ன வயதிலிருந்து எனக்கு அது பிடித்த காட்சி. அந்த வருஷம் கோவில் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு நிம்மதி வந்தது. கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான், நானும் தம்பிக்கு அந்த மரியாதையைத்தான் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு. சாமி எதையும் சொல்வதில்லை, அதனால் கேட்பதில்லை. இவன் சொன்னான்.

அந்த வாரமே கைப்பேசியில் டாக்டர்களைத் தேடியிருக்கிறேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். 'சரிபண்ணிவிடலாம்' என்று சொல்கிற ஆட்கள் நிறையப் பேர் கிடைத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 26 வருஷம் கழித்து, படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நான் மருத்துவமனை முகவரி தேடிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, போன் போடவில்லை.

பிறகு இரண்டு வருஷம் அவன் என் காரில் ஏறவில்லை. பெங்களூருக்கு வேலை மாற்றிக்கொண்டான். ஊருக்குப் போனால் பஸ், ரயில். 2018 செப்டம்பர் 6, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 377-இன் பிடியை உடைத்த அன்று போன் போட்டேன். "நியூஸ் பாத்தியா?" என்றேன். "பாத்தேண்ணே" என்றான். பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

உண்மை தெரிய 2021 வர வேண்டியிருந்தது. ஊரடங்கில் அவன் என் வீட்டில் வந்து தங்கியிருந்தான். ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டார். மதுரையிலிருந்து வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கு. மருத்துவம் என்ற பெயரில் ஒருவரின் ஈர்ப்பை மாற்ற முயலுவதைத் தடைசெய்தது அந்த உத்தரவு. என்னை உலுக்கியது வேறொன்று. இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருந்தன என்று நீதிபதி வெளிப்படையாக எழுதியிருந்தார். உத்தரவு போடுவதற்கு முன்னால் ஒரு மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ளவர், தெரியவில்லை என்று சொல்லிக் கேட்கப் போயிருக்கிறார். நான் ஐந்து வருஷமாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் அந்தச் செய்தியை அவனிடம் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"அன்னைக்கு கார்ல நீ ஏதாச்சும் கேப்பேன்னு இருந்தேன்" என்றான்.

"என்ன கேக்கணும்?"

"யாரையாச்சும் பிடிச்சிருக்கான்னு கேட்டிருக்கலாம்லா. ஒரு பொண்ண லவ் பண்ணுதேன்னு சொல்லிருந்தா அதத்தானே மொதல்ல கேட்டிருப்ப. பேரென்ன, எந்த ஊரு, என்ன வேலன்னு. நான் கல்லு எண்ணிக்கிட்டே வந்தேன். பெரம்பலூர் 30, பெரம்பலூர் 20ன்னு. பத்து வர்றதுக்குள்ள கேட்ருவான்னு."

அப்போது அவனுக்கு ஒருவர் இருந்தார். இரண்டு வருஷப் பழக்கம். 2018 தொடக்கத்தில் அந்த உறவு முறிந்துவிட்டது. அந்தப் பொங்கலுக்கு அவன் வந்தபோது மெலிந்திருந்தான் என்று அம்மா புலம்பியது ஞாபகம் வந்தது. 'ஹோட்டல் சாப்பாடு' என்று நாங்கள் எல்லாரும் முடிவுகட்டினோம். என் தம்பியின் வாழ்க்கையில் ஒரு காதல் முழுசாக வந்து, முழுசாகப் போயிருக்கிறது. விஷயம் தெரிந்த ஒரே ஆளான எனக்கு அந்த மனிதரின் பெயர்கூடத் தெரியாது.

இதற்கெல்லாம் பிறகுதான் 'மூன்லைட்' பார்த்தேன். பேரி ஜென்கின்ஸ் எடுத்தது, 2016-இல் வந்தது, அடுத்த வருஷம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஜென்கின்ஸ் தன்பாலீர்ப்பாளர் அல்லர். கதை டாரெல் ஆல்வின் மெக்ரேனியுடையது. இருவரும் மயாமியின் லிபர்ட்டி சிட்டியில், போதையில் சிக்கிய தாய்மாரின் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். மற்றவரின் கதைக்குள் தன் கதையை வைத்துக் கேட்டிருக்கிறார் ஜென்கின்ஸ். அதனால்தான் அந்தப் படத்தில் வேடிக்கை பார்க்கும் கண் எங்கேயும் இல்லை.

அதன் மூன்றாம் பகுதியில் ஒரு பயணம் வருகிறது. அட்லாண்டாவில் போதைப்பொருள் விற்று, உடம்பை இரும்பாக்கி, பல்லில் தங்கக் கவசம் மாட்டிக்கொண்டு வாழ்கிற ஷைரனுக்கு ஒரு ராத்திரி போன் வருகிறது. பள்ளிக்கூட நாளில் அவனைத் தொட்ட ஒரே ஒருவன், கெவின். மயாமியில் ஒரு சின்ன ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். வந்தால் சமைத்துப் போடுகிறேன் என்கிறான். ஷைரன் ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் காரோட்டிக்கொண்டு போகிறான். ராத்திரி அந்த ஓட்டலில் போய் உட்கார்ந்தால் கெவினுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் அடுப்படிக்குப் போகிறான். சோற்றைக் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்து, பக்கத்தில் கறுப்பு பீன்ஸ் ஊற்றி, கோழியை வைத்து, மேலே கொத்தமல்லி தூவுகிறான். கேமரா அவசரப்படாமல் அதைப் பார்க்கிறது. ஷைரன் தங்கப் பல்லைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறான்.

சாப்பாட்டோடு கெவின் நின்றிருந்தால் என் டீக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் கேட்கிறான். இப்போது என்ன செய்கிறாய், ஏன் இப்படி ஆகிவிட்டாய், நீ யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். கேள்விகள் சில இடங்களில் குத்துகின்றன. பதில் பிடிக்காதபோது அவன் முகத்தில் தெரிகிறது. ஆனாலும் விடவில்லை. அந்தக் கேள்விகளின் முடிவில்தான் ஷைரன், வாழ்நாளெல்லாம் யாரிடமும் சொல்லாத ஒரே விஷயத்தைச் சொல்கிறான். பாடாலூர் டீக்கடை பெஞ்சில், ஆவி பறக்கும் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் தம்பி உட்கார்ந்திருந்தது அந்தக் காட்சியில் எனக்குத் தெரிந்தது. சர்க்கரை போதுமா என்று அவனிடம் கேட்டிருந்தேன். அது ஒன்றுதான் அன்று ராத்திரி நான் அவனைப் பற்றிக் கேட்டது.

எனக்கு வார்த்தை இல்லாததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. 2016-இல் இதற்கு எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் எல்லாம் வசவுகள். சினிமாக் கொட்டகையில் நான் கைதட்டிச் சிரித்த வசவுகள், பக்கத்து நாற்காலியில் அவனும் உட்கார்ந்திருக்கும்போது. 2022-இல் தமிழக அரசு நீதிமன்றத்தின் சொல்படி மரியாதையான கலைச்சொற்களை அரசிதழில் வெளியிட்டபோது சந்தோஷப்பட்டேன். பத்திரிகையாளர்களுக்கும் போலீஸுக்கும் அது கட்டாயம் வேண்டும். ஆனால் 'யாரையாச்சும் பிடிச்சிருக்கா' என்று கேட்க எனக்கு எந்த அரசிதழும் தேவைப்பட்டிருக்காது. அது நாம் தினமும் பேசுகிற தமிழ்.

2024 பொங்கலுக்கு அவன் என் காரில் வந்தான். இந்தத் தடவை வேப்பூர்வரை காத்திருக்கவில்லை, பெருங்களத்தூர் நெரிசலிலேயே கேட்டேன். "இப்ப யாரையாச்சும் பிடிச்சிருக்கா? அவரு எந்த ஊருல?" அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "கும்பகோணம்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அவர் வங்கியில் வேலை பார்க்கிறார். பூண்டு சேர்த்தால் சாப்பிட மாட்டார். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் சிநேகிதர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறை அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிப் படிவத்தில் உறவு முறை என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். முந்தின அக்டோபர் 17-ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் இவர்களைப் போன்றவர்களின் கல்யாணத்தை அங்கீகரிக்க மறுத்திருந்தது. "என்ன எழுதுன?" என்று கேட்டேன். "தம்பின்னு எழுதுனேன். வேற என்ன எழுத?" என்றான். அந்தச் சொல்லை அவன் சொன்ன விதம் என் தொண்டையை அடைத்தது. நான் பேசாமல் இருந்துவிடவில்லை. "கையெழுத்துப் போட விட்டாங்களா?" என்று அடுத்ததைக் கேட்டேன்.

சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது, அவர் வீட்டில் தெரியுமா, வாடகை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனேன். சில கேள்விகள் அசட்டுத்தனமாக இருந்திருக்கும். ஒன்றுக்கு, "அத ஏன் கேக்க?" என்று முறைத்தான், மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி விருதுநகரிலிருந்து கோவில்பட்டிவரை பேசியும் முடிவுக்கு வர முடியவில்லை. இன்றுவரை வரவில்லை.

கயத்தாறு தாண்டியபோது கீழ்வானம் லேசாக வெளுத்தது. அவன் அவரை முதன்முதலில் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மழை நாள், ஒரு பஸ் ஸ்டாப், ஒரே குடை. தாழையூத்து வந்தது. திருநெல்வேலிக்குள் இறங்கும் சாலை வந்தது. அவன் கதை பாதியில் நின்றது.

"அண்ணே, இங்க திரும்பணும்லா."

"சொல்லுல. முடிச்சிட்டே போவோம்" என்றேன்.

பாலத்தின் மேலே ஏறிக் கன்னியாகுமரி சாலையில் நேராகப் போனோம். நாங்குநேரிப் பக்கம் காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் இன்னும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தன. அந்தக் குடை யாருடையது என்று கேட்டேன்.